அமினோ அமிலங்கள் 20 அல்ல, 21

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஒரு பெட்டிச் செய்தியைப் பற்றி எழுதுகிறேன். எல்லாப் புரதங்களும் 20 அமினோ அமிலங்களால் ஆனவை என்று அதில் இருந்தது. அதே பக்கத்தின் கீழே, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை அழுகலையும் நோயையும் கொண்டுவரும் கிருமிகள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். முதல் வரி தவறு. இரண்டாவது வரி பாதி உண்மை. முதல் வரி தவறு என்று தெரியவந்ததே இரண்டாவது வரியில் ஏசப்பட்டிருக்கும் அந்தக் கிருமிகளால்தான். இதை விளக்காமல் திருத்தம் போடுங்கள் என்று மட்டும் கேட்டால் என் பேச்சை யாரும் ஏற்கமாட்டார்கள். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்தி உயர்நிலை 3இல் படிக்கிறாள். பள்ளியின் தாய்மொழி இருவாரத்துக்காகத் தமிழில் ஓர் அறிவியல் பேச்சு தயாரிக்கிறாள். உடலில் உள்ள புரதங்கள்தான் தலைப்பு. அமினோ அமிலங்கள் 21 என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பேப்பரை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே விரித்தாள். "பாட்டி, இங்க 20ன்னுதான் போட்டிருக்கு. நீங்க பழைய கணக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். பழைய கணக்கு 20, புதிய கணக்குத்தான் 21 என்று சொன்னேன். அவள் என்னையும் பார்த்தாள், பேப்பரையும் பார்த்தாள். பேச்சுக்காக எழுதி வைத்திருந்த அட்டையில் 21ஐ அடித்துவிட்டு 20 என்று எழுதிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். தமிழில் அச்சாகி வருவதை மதிக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்தவளே நான்தான்.

நான் 1979இலிருந்து 2017வரை இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பராக இருந்தேன். அதில் பாதிக்குமேல் அனரோப் மேசையில் கழிந்தது. அனரோப் என்பது நாங்கள் வாயில் வைத்திருந்த சொல். காற்றில்லா நுண்ணுயிர் என்று பொருள். ஆக்சிஜன் பட்டால் வளராதவை, பல சமயம் செத்தே போகிறவை. யாரும் கேட்டு வாங்குகிற மேசை அல்ல அது. நாற்றம்தான் காரணம்.

எனக்கு அந்த நாற்றம் புதிதல்ல. அப்பா புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக வேலை பார்த்தார். 1933இல் பந்தயம் ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் தீமாவுக்கு மாறியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் தேக்கா பக்கத்திலேயே தங்கிவிட்டது. 1999இல் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபரில் அங்கேயும் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. நாங்கள் வளர்ந்தது லாயத்தை ஒட்டிய தொழிலாளர் வீடுகளில். விடியும் முன்பே அப்பா போய்விடுவார். பள்ளி இல்லாத நாட்களில் நானும் பின்னாலேயே போவேன். ஈர வைக்கோல், குதிரை மூத்திரம், தோல் சேணம் எல்லாம் கலந்த ஒரு வாசம். அப்பாவின் காக்கிச் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அது போகாது. சாயங்காலம் ஒவ்வொரு குதிரையின் காலையும் தன் தொடைமேல் தூக்கி வைத்து, வளைந்த இரும்புக் கொக்கியால் குளம்பில் சிக்கிய மண்ணையும் கல்லையும் எடுப்பார். ஒரு குளம்பையும் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் மூத்தவர் ஒருவர் ஒரு ஜாடியைத் திறந்து, உள்ளே இருந்த, நுண்ணுயிர் வளர்க்கும் பிளேட்டை என் பக்கம் நீட்டி, இது என்ன வாசம் என்று கேட்டார். குதிரை லாயம் என்று உடனே சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, ஆனால் இங்கே யாரும் லாயத்துக்குப் போனதில்லை என்றார் அவர். அந்தப் பிளேட்டில் இருந்தது கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி. 2016க்குப் பிறகு கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசிலி என்று பெயர் மாறிவிட்டது. வார்டில் எல்லாருக்கும் இன்றும் சி. டிஃப்தான். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அது பாரா கிரெசால் என்ற பொருளை உண்டாக்குகிறது. குதிரையின் மூத்திரத்திலும் அதே பொருள் உண்டு. என் மூக்கு பொய் சொல்லவில்லை.

ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நோயாளிக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நுண்ணுயிர் இது. 1935இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978இல்தான் உறுதியானது; நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு. இதன் விதைத்துகள்களைக் கையில் தேய்க்கும் ஆல்கஹால் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால்தான் போகும். உறவினரைப் பார்க்க வார்டுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை வளர்க்க அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது கனமான பிளாஸ்டிக் ஜாடி. பிளேட்டுகளை அடுக்கி, ஒரு பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரித்து, அதில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்து இறுக மூடுவோம். பொட்டலத்திலிருந்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வரும். மூடியின் அடியில் சிறு கம்பிவலைக் கூட்டுக்குள் பலேடியம் பூசிய குருணைகள் இருக்கும். ஹைட்ரஜனையும் உள்ளே மிஞ்சிய ஆக்சிஜனையும் சேர்த்து அவை தண்ணீராக்கிவிடும். மூடிய கொஞ்ச நேரத்தில் மூடி சூடாகும், ஜாடியின் உட்சுவர் வியர்க்கும். உள்ளே மெத்திலீன் புளூ தோய்த்த ஒரு பட்டை வைப்போம். நீலம் வெளுத்து வெள்ளையானால் ஆக்சிஜன் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குருணைகள் ஈரம் பட்டால் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் 160 டிகிரி அடுப்பில் காயவைத்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

ஒருமுறை நான் காயவைக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் பட்டை முழுதாக வெளுக்காமல், வேட்டிக்கு நீலம் போட்டதுபோல் மெல்லிய நீலமாக நின்றது. இது போதும், வெளுத்த மாதிரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்படியே விட்டேன். 48 மணி நேரம் கழித்துத் திறந்தால் பிளேட்டில் ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக மாதிரியைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்தோம். மூத்தவர் என்னைத் திட்டவில்லை. குருணைக் கூட்டைக் கழற்றி அடுப்பில் வைத்தார், புதுப் பிளேட்டில் மறுபடி கோடு இழுக்கச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் கழித்து அதே மாதிரியிலிருந்து மஞ்சள் நிறத்தில், தேய்த்த கண்ணாடிபோல் பளபளப்பு மங்கிய, ஓரம் நூல் நூலாகப் பிரிந்த புள்ளிகள் முளைத்திருந்தன. புறஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. அந்த நோயாளி ஒரு மூதாட்டி. என் கவனக்குறைவால் அவருக்குச் சரியான மருந்து தொடங்குவது இரண்டு நாள் தள்ளிப்போனது. பிழைத்து வீட்டுக்குப் போனார் என்று தாதி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெல்லிய நீலம் போதும் என்று அதற்குப் பிறகு நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்டில் முளைத்தது சி. டிஃப்தானா என்று உறுதி செய்ய எங்களிடம் ஒரு சின்னச் சோதனை இருந்தது. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் சேர்மம் ஒன்றை ஏற்றிய வட்டக் காகிதத் துண்டை நனைத்து, அதன்மேல் ஒரு புள்ளியை எடுத்துத் தேய்ப்போம். சில நிமிடம் கழித்து ஒரு சொட்டு மருந்து விட்டால் துண்டு சிவக்கும். சிவந்தால் சி. டிஃப் என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டுகள் இதைச் செய்திருப்பேன்! ஏன் புரோலின், மற்ற அமினோ அமிலம் ஏன் இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2009இல் எங்கள் பிரிவு மருத்துவர் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேநீர் அறை மேசையில் விட்டுப்போயிருந்தார். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும், தங்கம் கலந்த ஆரனோஃபின் என்ற மருந்து சி. டிஃப் வளர்வதைத் தடுக்கிறது என்றும், தங்கம் செலினியம் என்ற தனிமத்தோடு இறுகப் பிணைந்துகொள்வதால் அந்த நுண்ணுயிருக்குச் செலினியம் கிடைக்காமல் போகிறது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். ஆய்வுக்கூட முடிவுதான் அது. வார்டில் கொடுக்கும் மருந்தாக ஆகிவிடவில்லை. ஆனால் அதில் புரோலின் ரிடக்டேஸ் என்ற பெயரைப் பார்த்ததும் தேநீர் ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். நான் தேய்த்துத் தேய்த்துச் சிவக்கவைத்த புரோலின்தான் அதன் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைச் செரிக்கும் நொதியின் நடுவில் செலினியம்.

நாம் மூச்சு விடுவதால் இந்தப் பிழைப்பு நமக்குப் புரிய கொஞ்சம் நேரமாகும். நாம் உணவை எரிக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கழல்கின்றன. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். ஆக்சிஜனே இல்லாத குடலிலும் சேற்றிலும் வாங்குவது யார்? இதற்கு ஒரு விடையை 1934இல் கேம்பிரிட்ஜில் ஸ்டிக்லண்ட் என்பவர் கண்டுபிடித்தார். கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜெனிஸ் என்ற பாக்டீரியாவுக்கு ஓர் அமினோ அமிலத்தை மட்டும் கொடுத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. அலனின் கொடுக்கிறது, கிளைசினோ புரோலினோ வாங்கிக்கொள்கிறது. அமினோ அமிலங்களுக்குள்ளேயே ஒரு கொடுக்கல் வாங்கல். 1 அலனினுக்கு 2 கிளைசின் என்ற கணக்கில், 3 அசிட்டிக் அமில மூலக்கூறும் 3 அம்மோனியாவும் 1 கரியமில வாயுவும் வெளியேறும். நடுவில் அந்த உயிருக்கு ஏடிபி என்ற ஆற்றல் காசு கிடைக்கிறது. ஸ்டிக்லண்ட் வினை என்று இதற்குப் பெயர். அழுகல் என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும் இடத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரியான கணக்குத்தான்.

வாங்கும் பக்கத்தில் இருக்கும் நொதிகள்தான் கதையின் உயிர். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் 1920இல் பிறந்த ஒரு பெண் இதில் தன் வாழ்நாளையே போட்டார். திரெஸ்ஸா ஸ்டாட்மன் என்று பெயர். பண்ணையில் வளர்ந்தவர். பெர்க்லியில் பார்க்கர் என்ற பேராசிரியரிடம் படித்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரிய சேற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு, ஸ்டிக்லண்டை மதித்து கிளாஸ்ட்ரிடியம் ஸ்டிக்லண்டியை என்று பெயர் வைத்தார். அவருடைய கணவர் எர்ல் ஸ்டாட்மனும் பெரிய உயிர்வேதியியலாளர். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுக்கப் பல பல்கலைக்கழகங்கள் தயங்கிய காலம் அது. 1950இல் பெதஸ்டாவில் உள்ள தேசியச் சுகாதாரக் கழகம் இருவரையும் எடுத்துக்கொண்டது. அங்கேயே அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் சேற்றுப் பாக்டீரியாவோடு இருந்தார். 2016இல் 96 வயதில் காலமானார். மாணவர் பக்கத்தில் படத்தோடு போட வேண்டியவர் இப்படிப்பட்டவர் அல்லவா?

கிளைசினை உடைக்கும் கிளைசின் ரிடக்டேஸ் என்ற நொதி ஒற்றை நொதி அல்ல, ஒரு கூட்டம். ஏ, பி, சி என்று மூன்று புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பி கிளைசினைப் பிடிக்கிறது. அதன் நைட்ரஜன் அம்மோனியாவாகக் கழன்று போக, மிச்சமுள்ள துண்டை ஏ தன் செலினியத்தில் ஒட்டவைத்துக்கொள்கிறது. அதை சி வாங்கி அசிட்டைல் பாஸ்பேட் ஆக்குகிறது. அதிலிருந்து ஏடிபி. பழைய காலத்தில் தீ அணைக்க வரிசையாக நின்று வாளி மாற்றுவார்களே, அந்த மாதிரி. இதில் ஏ என்பது மிகச் சிறிய புரதம். வளர்ப்பு ஊடகத்தில் துளியளவு செலினைட் என்ற செலினிய உப்பைச் சேர்த்தால்தான் அது வேலைக்கு வருகிறது என்று ஸ்டாட்மன் கவனித்தார். கதிரியக்கச் செலினியத்தைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கதிரியக்கம் ஏ புரதத்தில் வந்து உட்கார்ந்தது. 1973இல் இதை வெளியிட்டார். புரதத்தில் செலினியம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத் துண்டுதுண்டாக உடைத்துப் பார்த்து, 1976இல் விடை சொன்னார்: செலினோசிஸ்டீன். சிஸ்டீன் என்ற வழக்கமான அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலினியம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுதான் 21ஆவது.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அது சிறிய வித்தியாசம் அல்ல. தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே செலினியம். அண்ணன் தம்பி போல ஒரே சாடை. ஆனால் சிஸ்டீன் தன் ஹைட்ரஜனை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும், பிஎச் என்ற அமிலநிலை அளவு 8.3ஐ எட்டும்போதுதான் பாதி மூலக்கூறுகள் அதை விட்டுக்கொடுக்கும். செலினோசிஸ்டீனுக்கு 5.2 போதும். உயிரணுவுக்குள் அமிலநிலை 7ஐ ஒட்டியே இருப்பதால் சிஸ்டீன் தயங்கி நிற்கும் நேரத்தில் செலினோசிஸ்டீன் கையை நீட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராக நிற்கிறது. எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலுக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டும். சி. டிஃப் புரோலினை உடைக்கும் விதமும் இதே சாதிதான். முதலில் புரோலினை அதன் கண்ணாடி பிம்பமான டி வடிவத்துக்கு ஒரு நொதி திருப்புகிறது. பிறகு புரோலின் ரிடக்டேஸ் அந்த வளையத்தை உடைத்து நீட்டுகிறது. 5 அமினோ வேலரேட் என்ற பொருள் வெளியே போகிறது. ஆன்டிபயாட்டிக் மற்ற பாக்டீரியாக்களைக் கொன்றபின் குடலில் அமினோ அமிலங்களைப் பங்கு கேட்க ஆளில்லை. புரோலின் தேங்குகிறது. சி. டிஃப்புக்கு விருந்து. மருத்துவர் எழுதிக்கொடுக்காத ஆன்டிபயாட்டிக்கை வீட்டில் மிஞ்சியிருக்கிறதே என்று விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அமினோ அமிலம் ஒன்று கூடுதலாக இருந்தால் அதை எழுதுவதற்கு மரபணுவில் எழுத்து வேண்டுமே என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. மரபணுவில் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். யூ ஜி ஏ என்று வந்தால் 'நிறுத்து' என்று பொருள். புரதம் அங்கே முடியும். 1986இல் ஜெர்மனியின் மியூனிக்கில் அகஸ்ட் போக்கின் குழு ஈகோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவைப் படித்தபோது, நடுவிலேயே யூ ஜி ஏ இருந்தது. புரதமோ அங்கே நிற்கவில்லை. அந்த இடத்தில் செலினோசிஸ்டீன் உட்கார்ந்திருந்தது. அதே ஆண்டில் எலியின் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிக்கான மரபணுவிலும் இப்படியே கண்டார்கள். பாக்டீரியாவில் யூ ஜி ஏவுக்கு அடுத்து எழுத்துகள் ஊசிக்கொண்டைபோல் மடங்கி நின்றால், அதை 'நிறுத்து' என்று படிக்காமல் 'செலினோசிஸ்டீன்' என்று படிக்க வேண்டும். அதைப் படிக்கத் தனி ஆட்களும் இருக்கிறார்கள்.

பேத்திக்கு இதைச் சொல்ல நம் எழுத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. ஆய்த எழுத்தைப் பாருங்கள் என்றேன். எஃகு, அஃது என்னும்போது அதற்கு ஒரு சத்தம். அதே மூன்று புள்ளி பகரத்துக்கு முன்னால் வந்தால் வேறு சத்தம். மேலே நான் ஃபேரர் பார்க் என்று எழுதியிருக்கிறேனே, அதை யாரும் எஃகு மாதிரி படிக்கமாட்டார்கள். எழுத்து மாறவில்லை, பின்னால் வருவது மாறியதால் படிக்கும் விதம் மாறுகிறது. உயிரும் அல்லாமல் மெய்யும் அல்லாமல் தனிநிலையாக நிற்கும் ஆய்தத்தை நாம் எழுத்துக் கணக்கில் விடுவதில்லை. சேர்த்துத்தான் 247 என்கிறோம். செலினோசிஸ்டீனை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அவளே கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது.

இது சேற்றுக்குள் இருக்கும் பாக்டீரியா விவகாரம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். மனித உடலில் செலினோசிஸ்டீன் உள்ள புரதங்களுக்கான மரபணுக்கள் 25. தைராய்டு ஹார்மோனை வேலைக்குரிய வடிவத்துக்கு மாற்றும் நொதிகள் அந்தப் பட்டியலில் உண்டு. உயிரணுவை ஆக்சிஜன் அரிப்பிலிருந்து காக்கும் நொதிகளும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத உயிர் ஆற்றலுக்காக வைத்திருக்கும் அதே அமினோ அமிலத்தை, ஆக்சிஜனில் வாழும் நாம் ஆக்சிஜனிடமிருந்து தப்பிக்க வைத்திருக்கிறோம். இதை முதன்முதலில் படித்த அன்று பேருந்தில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

அளவு மிஞ்சினாலும் ஆபத்து. 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மேய்ந்த குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டின, குளம்பு கழன்று விழுந்தது. மண்ணில் செலினியம் அதிகம், புல்லும் தானியமும் அதை உறிஞ்சிக்கொண்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த ஒரு செய்தியை மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார். மறுபுறம் சீனாவின் கெஷான் பகுதியில் மண்ணில் செலினியம் மிகக் குறைவு; அங்கே குழந்தைகளையும் இளம் பெண்களையும் தாக்கிய இதயநோயை செலினைட் மாத்திரை கொடுத்துத் தடுக்க முடிந்தது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள், 400ஐத் தாண்டக்கூடாது என்கிறார்கள். மீனும் முட்டையும் சாப்பிடுகிற நம் வீடுகளில் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் செலினியம் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்; வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இன்னொரு செய்தியும் திருத்தத்தில் சேர வேண்டும். 2002இல் 22ஆவது அமினோ அமிலமும் கிடைத்தது. பைரோலைசின் என்று பெயர். அது நம் உடலில் இல்லை. மெத்தேன் வாயுவை உண்டாக்கும், அதுவும் காற்றில்லா உயிரான மெத்தனோசார்சினா பார்க்கரி என்பதில் கண்டார்கள். அதற்கும் 'நிறுத்து' என்று பொருள்படும் இன்னொரு மூன்றெழுத்தைத்தான் இயற்கை பயன்படுத்தியிருக்கிறது. பார்க்கரி என்ற பெயர் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? திரெஸ்ஸா ஸ்டாட்மனுக்குப் பெர்க்லியில் பாடம் சொன்ன அதே பார்க்கரிடமிருந்து. 21ஐயும் 22ஐயும் வெளியே கொண்டுவந்தவை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகும் உயிர்கள். அவற்றை 'கிருமிகள்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு எங்கே சொல்வது?

சென்ற மாதம் பேத்தியைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு அழைத்துப்போனேன். நீர் வற்றிய நேரம். மரப்பலகை நடைபாதையின் ஓரத்தில் குந்தி, உதிர்ந்து கிடந்த ஒரு குச்சியால் சேற்றைக் கொஞ்சம் கிளறினாள். மேலே ஒரு விரல் ஆழத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே மை மாதிரி கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம் மேலே வந்தது. அது ஹைட்ரஜன் சல்பைடு, வேறொரு கூட்டத்தின் வேலை. ஆனால் அந்தக் கறுப்பு தொடங்குகிற இடத்தில் ஆக்சிஜன் முடிகிறது என்று காட்டினேன். என் ஜாடிக்குள் நீலப் பட்டை வெளுப்பதுபோல இங்கே பழுப்பு கறுக்கிறது. "இதுக்குள்ளயா பாட்டி உங்க 21ஆவது இருக்கு?" என்றாள். இதற்குள்ளும் இருக்கிறது, உன் கழுத்திலே இருக்கும் தைராய்டிலும் இருக்கிறது என்றேன். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் குறைவு என்றால் இரண்டு வரி போதும்: மனித உடலின் புரதங்களில் மரபணு வழியாகச் சேரும் அமினோ அமிலங்கள் 21, அவற்றில் 21ஆவதான செலினோசிஸ்டீனை 1976இல் காற்றில்லா பாக்டீரியா ஒன்றின் நொதியில் அடையாளம் கண்டவர்கள் திரெஸ்ஸா ஸ்டாட்மனும் அவருடைய குழுவும். பிழையாக வந்தது எந்தப் பக்கத்திலோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். வேறு பக்கத்தின் மூலையில் வந்தால் பிள்ளைகள் கண்ணில் படாது. பெட்டிச் செய்தி எழுதியவர்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. பல பாடநூல்களிலும் 20 என்றுதான் நின்றிருக்கிறது. அவர் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் தேடினால் நொடியில் கிடைக்கும் ஒரு திருத்தம் தமிழ்ப் பக்கத்துக்கு வந்து சேர இத்தனை ஆண்டு ஆகக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

பேத்தியின் பேச்சு அடுத்த மாதம் 2ஆம் வாரத்தில். 20 என்று திருத்திய அந்த அட்டையை அவள் இன்னும் கிழித்துப்போடவில்லை. திருத்தம் வந்தால் அதைக் கத்தரித்து அட்டையின் பின்னால் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் பழைய பிளேட்டுகளின் புகைப்படங்கள் சில இருக்கின்றன. மஞ்சள் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். மாணவர் பக்கத்துக்குத் தேவைப்பட்டால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்,
ஈசூன்.